‘ஒய்’ தட்டும் முன்: லினக்ஸில் கேட்காமலே காணாமல் போகும் பேக்கேஜ்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருவதில் பெரும்பாலும் விண்டோஸ்தான். ஆனாலும் பர்கூர், செட்டிக்கரை பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப், காவேரிப்பட்டணத்து டியூஷன் சென்டர் கம்ப்யூட்டர், மாங்கூழ் ஆலைகளின் எடை மேடை மெஷின் என்று லினக்ஸ் ஓடுகிறவையும் வந்துகொண்டே இருக்கின்றன. வருகிறவர்கள் சொல்லும் கதை முக்கால்வாசி ஒன்றுதான்: “அண்ணா, ஒண்ணே ஒண்ணுதான் இன்ஸ்டால் பண்ணேன், மொத்தமும் போயிடுச்சு.” ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். உபுண்டு, டெபியன் வகைகளை வைத்தே பேசுகிறேன். நம் ஊரில் அதிகம் ஓடுவது அவைதான். பேக்கேஜ் என்பது நிறுவுவதற்காகக் கட்டி வைத்த மென்பொருள் மூட்டை. அதை நிறுவவும் நீக்கவும் இவற்றில் இருக்கும் கருவி ஆப்ட். தொடரலாமா என்று அது கேட்கும்போது ‘ஒய்’ என்றால் ஆமாம், ‘என்’ என்றால் வேண்டாம்.

ஒன்றை நிறுவத்தானே சொன்னேன். அது ஏன் வேறு ஐம்பதை நீக்கப் பார்க்கிறது?

பங்காளிக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு வீட்டு நிலத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒரே பைப். லினக்ஸில் லைப்ரரி என்பது அந்த மாதிரி. திரையில் படம் வரைவது, எழுத்தைக் காட்டுவது, நெட்டில் யாரும் ஒட்டுக்கேட்காமல் பேசுவது போன்ற வேலைகளுக்கு ஒவ்வொரு புரோகிராமும் தனிக் கிணறு வெட்டுவதில்லை. பொதுவில் ஒன்று இருக்கும், எல்லாரும் அதில் இறைத்துக்கொள்வார்கள். டிஸ்கில் இடம் மிச்சம். லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை விழுந்தாலும் ஒரே இடத்தில் அடைத்தால் போதும்.

வில்லங்கமும் அங்கேயேதான். நான்காவது பங்காளி “எனக்கு இந்த மோட்டார்தான் ஆகும்” என்று வேறொன்றைக் கொண்டுவந்து இறக்குகிறார். பழைய பைப்போடு அது சேராது. ஒன்று, எல்லாரும் பைப்பை மாற்ற வேண்டும். இல்லையென்றால் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதுவும் இல்லையென்றால் மற்ற மூவரின் இணைப்பையும் பிடுங்க வேண்டும். மூன்றாவது வழியைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆப்ட்டுக்கு வராது. நீங்கள் கேட்டது நான்காமவருக்குத் தண்ணீர். அதற்கு ஏதாவது வழி உண்டா என்றுதான் அது தேடுகிறது.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் இருக்கும் ஒரு சீட்டு. ‘டிபென்ட்ஸ்’ என்றால் இது இல்லாமல் நான் ஓட மாட்டேன். ‘ரெக்கமெண்ட்ஸ்’ என்றால் இருந்தால் நல்லது. ‘கான்ஃப்ளிக்ட்ஸ்’ என்றால் இதோடு ஒரே மெஷினில் குடியிருக்க மாட்டேன். ‘பிரேக்ஸ்’ என்றால் நான் வந்தால் அந்தப் பதிப்பு கெட்டுப்போகும். உங்கள் மெஷினில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் சீட்டுகளும் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க வேண்டும். முட்டினால் யாரோ ஒருவர் வெளியே போக வேண்டியதுதான்.

யார் வெளியே போவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? டிபிகேஜியா, ஆப்ட்டா?

ஆப்ட். டிபிகேஜி வெறும் கொத்தனார். கொடுத்த பேக்கேஜைப் பிரித்து அந்தந்த இடத்தில் வைக்கும், சொன்னால் எடுக்கும். எதை வைப்பது, எதை எடுப்பது என்று திட்டம் போடுவது ஆப்ட். டெபியன் 1993இல் தொடங்கியது. ஆப்ட் அதில் 1999இல் வந்த 2.1 பதிப்போடு சேர்ந்தது. அதற்கு முன்பெல்லாம் எது எதற்கு வேண்டும் என்று கண்டுபிடிக்க ஆளே உட்கார்ந்து மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதனால் ஆப்ட்டைத் திட்டும்போது கொஞ்சம் நன்றியோடு திட்டுங்கள்.

இவ்வளவு தெரிந்த ஆப்ட்டுக்கு, டெஸ்க்டாப்பை நீக்குவது தப்பு என்று தெரியாதா?

கணக்கு அப்படி. சார்புகள், முரண்கள் எல்லாவற்றையும் சேர்த்து “இத்தனையும் ஒத்துப்போகிற ஒரு தொகுப்பு இருக்கிறதா” என்று கேட்பது, கணினி அறிவியலில் என்பி-கம்ப்ளீட் என்று சொல்லும் கடினமான வகையைச் சேர்ந்தது. பெரிய அளவு சூடோக்கு மாதிரி. போட்டு முடித்த விடை சரியா என்று பார்ப்பது சுலபம். கண்டுபிடிப்பதுதான் கட்டங்கள் கூடக்கூடத் தலைசுற்ற வைக்கும்.

எல்லா வழியையும் அலசிப் பார்க்க நேரம் போதாது என்பதால், ஆப்ட்டின் பழைய முறை ஒரு குறுக்குவழியை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் மதிப்பெண் போடும். மெஷின் உயிரோடு இருக்கத் தேவையானதா, எத்தனை பேர் அதை நம்பி இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மதிப்பெண் கூடும். மோதல் வந்தால் குறைவான மதிப்பெண்காரர் தோற்பார். நீங்கள் ராத்திரி பகலாக உட்காரும் டெஸ்க்டாப் அந்தக் கணக்கில் பெரிய ஆள் இல்லை. அது போனாலும் மெஷின் பூட் ஆகும், கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். ஆப்ட்டைப் பொறுத்தவரை வேலை சுத்தம்.

அப்படி நிஜமாக நடந்த ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

என் தப்பையே சொல்கிறேன். சில வருடம் முன்பு, மாம்பழ சீசன் உச்சத்தில், ஜூன் மாதம். ஒரு மாங்கூழ் ஆலையின் எடை மேடை அறை. உபுண்டு மெஷின். லாரி மேடையில் ஏறினால் எடை காட்டும் புரோகிராம் பழைய 32 பிட் காலத்தது. அது கிராபிக்ஸ் லைப்ரரியின் 32 பிட் வடிவம் வேண்டும் என்றது. நான் இன்ஸ்டால் கட்டளையைத் தட்டினேன், அதுவும் ‘ஹைபன் ஒய்’ சேர்த்து. கேட்கும் கேள்விக்கெல்லாம் முன்கூட்டியே ஆமாம் போடுகிற சமாச்சாரம் அது. வெளியே கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய வண்டிகள் நிற்கின்றன, அவசரம்.

திரையில் எழுத்து ஓடியது. அப்புறம் திரையே போனது.

நடந்தது இதுதான். யாரோ ஒருவர் முன்பு அந்த மெஷினில் புது கிராபிக்ஸ் டிரைவருக்காக ஒரு வெளி பிபிஏவை (உபுண்டுவின் சொந்தக் கிடங்குக்கு வெளியே இருக்கும் தனி பேக்கேஜ் கிடங்கு) சேர்த்து, பிறகு அந்த முகவரியை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறார். பிபிஏ போனாலும் அதிலிருந்து வந்த புதிய 64 பிட் லைப்ரரி அங்கேயே உட்கார்ந்திருந்தது. நான் கேட்ட 32 பிட் லைப்ரரியோ உபுண்டுவின் சொந்த ரெப்போவில் (பேக்கேஜ் கிடங்கில்) பழைய பதிப்பாக மட்டும் கிடைத்தது. இந்த வகை லைப்ரரிகளுக்கு ஒரு கறாரான விதி உண்டு: 32 பிட்டும் 64 பிட்டும் சேர்ந்து இருக்கலாம், ஆனால் இரண்டும் அச்சு அசல் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பதிப்பெண்ணின் கடைசி இலக்கம் மாறினாலும் ஆகாது. இருக்கிற பதிப்பைத் தானாகப் பின்னுக்கு இறக்குவது ஆப்ட்டின் வழக்கம் இல்லை. மிச்சம் இருந்த வழி 64 பிட்டைத் தூக்குவது. அதை நம்பியிருந்த லாகின் திரை, டெஸ்க்டாப் எல்லாம் கூடவே போயின.

ஒன்றரை மணி நேரம் ஆனது மீட்க. அதுவரை மேனேஜர் கால்குலேட்டரும் ரசீது புத்தகமும் வைத்து எழுதினார். டிரைவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ‘ஹைபன் ஒய்’ போடுவதை அன்றைக்கே விட்டேன்.

இது நமக்கு மட்டும்தான் நடக்கிறதா?

இல்லை. 2021 நவம்பரில் உலகமே பார்த்த சம்பவம் ஒன்று உண்டு. பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப் போனார். ஸ்டீமும் 32 பிட் லைப்ரரிகளைக் கேட்கிற ஆள். பேக்கேஜ் பக்கத்தில் அப்போது ஒரு கோளாறு இருந்தது. டெஸ்க்டாப்பை நீக்கினால்தான் ஸ்டீம் வரும் என்று ஆப்ட் சொன்னது. “இது ஆபத்து, தெரிந்துதான் செய்கிறீர்களா” என்று எச்சரித்து, “யெஸ், டூ ஆஸ் ஐ சே!” என்று முழுதாகத் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். டெஸ்க்டாப் போனது, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே.

அவரை முட்டாள் என்று சிரித்தவர்கள் நிறைய. நான் சிரிக்கவில்லை, எடை மேடை அறையில் நான் நின்றவன். கோளாறு பேக்கேஜில், ஆனால் கையெழுத்து வாங்கியது புதிதாக வந்தவரிடம். அதற்குப் பிறகு ஆப்ட்டிலேயே அந்தக் கதவை இறுக்கினார்கள். இப்போதைய பதிப்புகளில் அத்தியாவசியம் என்று குறித்த பேக்கேஜை நீக்க, அந்த வாக்கியத்தைத் தட்டினால் போதாது. தனியாக ஒரு ஆப்ஷனையும் கட்டளையோடு கொடுத்தாக வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த ஆப்ட் 3.0வில் கணக்குப் போடும் பகுதியையே புதிதாக எழுதியிருக்கிறார்கள்.

பழைய பைத்தானை நீக்கிவிட்டுப் புதியது போடலாம் என்று...

நிறுத்துங்கள். கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவரும் மெஷின்களில் இந்தக் கதைதான் முதலிடம்.

உபுண்டுவில் ‘பைத்தான்3’ உங்கள் பாடத்துக்காக வைத்த பைத்தான் இல்லை. சிஸ்டத்தின் பல கருவிகள் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதை நீக்கச் சொன்னால், அதை நம்பிய அத்தனையும் கிளம்பும். அப்டேட் கருவி, டெஸ்க்டாப்பின் பகுதிகள் எல்லாம். வேறு பதிப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் தனியாகப் போடுங்கள். பிராஜெக்டுக்கு லைப்ரரி வேண்டுமென்றால் ‘வென்வ்’ (பிராஜெக்டுக்கென்று ஒரு தனி அறை) ஒன்று உருவாக்கி அதற்குள் ‘பிப்’ (பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) பயன்படுத்துங்கள். டெபியன் 12 முதல், வென்வ் இல்லாமல் பிப் ஓட்டினால் ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று சொல்லி மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பைத் தாண்டவும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதன் பெயரிலேயே ‘சிஸ்டத்தை உடை’ என்ற வார்த்தை இருக்கிறது. அதற்கு மேல் எப்படிச் சொல்வார்கள்?

ஆட்டோரிமூவ் போடலாமா?

போடலாம், பட்டியலைப் படித்துவிட்டு.

நீங்கள் பெயர் சொல்லி நிறுவியது ‘மேனுவல்’. அதற்குத் துணையாகத் தானாக வந்தது ‘ஆட்டோ’. கல்யாண மாப்பிள்ளையோடு வந்த உறவுக்காரர்கள் மாதிரி. மாப்பிள்ளை கிளம்பிவிட்டால், வேறு யாருக்கும் சொந்தமில்லாத ஆட்டோக்காரர்களை ஆட்டோரிமூவ் வழியனுப்பி வைக்கும். சிக்கல் எப்போது? துணையாக வந்த ஒருவரோடு நீங்கள் பழகிப்போய், தினமும் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது. ஆப்ட்டுக்கு உங்கள் பழக்கம் தெரியாது. அது வைத்திருப்பது குறி மட்டும்.

பட்டியலில் உங்களுக்கு வேண்டியது தெரிந்தால் ‘ஆப்ட்-மார்க் மேனுவல்’ என்று தட்டி அதன் பெயரைக் கொடுங்கள். குறி மாறிவிடும். ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ தட்டினால் இப்போது யாரெல்லாம் நிரந்தரக் குடி என்று காட்டும். பழைய கெர்னல்கள் (கெர்னல் என்பது சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) ஆட்டோரிமூவ் பட்டியலில் வருவது வழக்கம்தான், பயப்பட வேண்டாம்.

அப்டேட் பண்ணும்போதும் நீக்குமா?

கட்டளையைப் பொறுத்தது. ‘ஆப்ட் அப்டேட்’ வெறும் பட்டியலைப் புதுப்பிக்கும். ஆப்ட்டின் பழைய கட்டளையான ‘ஆப்ட்-கெட்’டில் ‘ஆப்ட்-கெட் அப்கிரேட்’ எதையும் நீக்காது, புதிய பெயரில் எதையும் சேர்க்கவும் சேர்க்காது. ‘ஆப்ட் அப்கிரேட்’ தேவைப்பட்டால் புதியதைச் சேர்க்கும், நீக்காது. ‘ஃபுல்-அப்கிரேட்’, அதன் பழைய பெயரான ‘டிஸ்ட்-அப்கிரேட்’, இரண்டும் நீக்கும். பழைய மெயில் ஒன்றில் பார்த்த கட்டளையை அப்படியே ஒட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் மாட்டுகிறார்கள்.

நீக்கும் பட்டியலில் பெயர் வந்தாலே ஆபத்தா?

இல்லை. உபுண்டு 24.04க்கு மாறியபோது பலர் போன் செய்தார்கள், “லைப்ரரி எல்லாத்தையும் தூக்குதுங்க” என்று. கவனித்துப் பார்த்தால், நீக்கும் பெயருக்கு ஜோடியாக, கடைசியில் ‘டி64’ என்று ஒட்டிய அதே பெயர் நிறுவும் பட்டியலில் இருந்தது. 2038 ஜனவரி 19 அன்று 32 பிட் நேரக் கணக்கு நிரம்பி வழியும். அதற்கு முன்னேற்பாடாக நேரத்தை 64 பிட்டில் வைக்கும்படி லைப்ரரிகளை மறுபடி கட்டி, பெயரையும் மாற்றினார்கள். பெயர் மாறினால் ஆப்ட்டுக்கு ஒருவர் போகிறார், ஒருவர் வருகிறார். அவ்வளவே.

நான் பார்க்கும் அடையாளங்கள் வேறு. டெஸ்க்டாப், லாகின் திரை, நெட்வொர்க்-மேனேஜர், பைத்தான்3, சுடோ (அட்மின் அதிகாரம் தருவது), கிரப் (மெஷினை பூட் செய்வது), இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல்: இவற்றில் ஒன்று நீக்கும் பட்டியலில் இருந்து, அதற்கு ஜோடி வரும் பக்கத்தில் இல்லையென்றால் ‘என்’ தட்டுங்கள். கடைசி வரியில் வரும் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒன்று நிறுவ, அறுபது நீக்க என்றால் எங்கோ இடிக்கிறது. ஒத்திகை பார்க்கவும் வசதி உண்டு. கட்டளையோடு ‘ஹைபன் எஸ்’ சேர்த்தால் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும், எதையும் தொடாது. ‘ஹைபன் ஹைபன் நோ-ரிமூவ்’ சேர்த்தால் நீக்க வேண்டிய நிலை வந்ததும் அப்படியே நின்றுவிடும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவதை மறக்காதீர்கள்.

‘என்’ தட்டிவிட்டேன். ஆனால் எனக்கு அந்த மென்பொருள் வேண்டுமே?

அப்படியானால் இடிப்பது யார் என்று தேட வேண்டும். ‘ஆப்ட் பாலிசி’ போட்டுப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால், இப்போது இருக்கும் பதிப்பு எது, ரெப்போவில் கிடைப்பது எது, எந்த முகவரியிலிருந்து என்று காட்டும். மெஷினில் இருக்கும் பதிப்பு எந்த ரெப்போவிலும் இல்லையென்றால் திருடன் பெரும்பாலும் அவன்தான். பிபிஏ வழியாக வந்தது என்றால் ‘பிபிஏ-பர்ஜ்’ என்ற கருவி, முகவரியை எடுப்பதோடு பேக்கேஜ்களையும் உபுண்டுவின் பதிப்புக்கே இறக்கிவிடும். எடை மேடை மெஷினில், எடுத்துவிட்டிருந்த பிபிஏ முகவரியை மறுபடி சேர்த்து அதை ஓட்டிய பிறகு 32 பிட் லைப்ரரி சத்தமில்லாமல் ஏறியது. முதலிலேயே செய்திருக்கலாம்.

‘ஆப்டிட்யூட்’ நிறுவி வைத்துக்கொள்வதும் நல்லது. ஆப்ட் ஒரு தீர்வைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். ஆப்டிட்யூட் ஒன்றை மறுத்தால் அடுத்ததைச் சொல்லும், அதையும் மறுத்தால் இன்னொன்று. சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி. ‘ஆப்டிட்யூட் ஒய்’ என்று, ஏன் என்ற பொருளில் கேட்டால், ஒரு பேக்கேஜ் எதற்காக மெஷினில் இருக்கிறது என்றும் சொல்லும்.

ஏற்கெனவே போய்விட்டது. கறுப்புத் திரைதான் இருக்கிறது.

பதற வேண்டாம், ஃபார்மட்டும் வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும், உங்கள் பெயரிலேயே உள்ளே போங்கள். ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லாக்’, அதற்குள் ‘ஆப்ட்’, அதற்குள் ‘ஹிஸ்டரி’ லாக் ஃபைல். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளை, என்னென்ன நீக்கினது என்று பெயர், பதிப்போடு அதில் இருக்கும். ‘ரிமூவ்’ என்று தொடங்கும் வரிதான் உங்கள் மீட்புப் பட்டியல். உபுண்டுவில் ‘உபுண்டு-டெஸ்க்டாப்’ என்ற ஒரே பெயரை நிறுவினாலே பெரும்பகுதி திரும்பிவிடும்; மிச்சத்தை ஹிஸ்டரியைப் பார்த்துச் சேர்க்கலாம். மறுபடி நிறுவும்முன் இடித்த பேக்கேஜைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் அதே சண்டை மறுபடி.

நெட்வொர்க்-மேனேஜரும் போயிருந்தால் நெட் வராது. அப்போது லைவ் பென்டிரைவில் (தன்னிலிருந்தே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, டிஸ்கை மவுண்ட் செய்து (திறந்து இணைத்து), ‘சிஎச்ரூட்’ என்ற கட்டளை வழியாக டிஸ்கில் இருக்கும் உங்கள் சிஸ்டத்துக்குள் நுழைந்து, லைவ் சிஸ்டத்தின் நெட்டிலேயே நிறுவலாம். முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். டவுன்லோட் செய்த பேக்கேஜ்கள் மெஷினிலேயே மிச்சம் இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். ‘ஆப்ட்-கெட்’ வைத்திருக்கும், ‘ஆப்ட்’ வேலை முடிந்ததும் அழித்துவிடும்.

என் ஃபைல்கள், போட்டோக்கள்?

இருக்கும். பேக்கேஜை நீக்குவது ஹோம் ஃபோல்டரைத் தொடாது. ‘ரிமூவ்’ அமைப்பு ஃபைல்களைக்கூட விட்டு வைக்கும், ‘பர்ஜ்’ அவற்றையும் எடுக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை: டேட்டாபேஸ் சர்வரைப் பர்ஜ் செய்யும்போது “டேட்டாபேஸ்களையும் அழிக்கவா” என்று கேட்கும். கடையின் பில்லிங் அதில் இருந்தால், அந்தக் கேள்விக்கு அவசரத்தில் பதில் சொல்லாதீர்கள்.

பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் போஸ் லினக்ஸ் இருக்கிறது. அதிலும் இப்படித்தானா?

ஆமாம். 2011இல் தொடங்கிய திட்டத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு வந்த போஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கியது. அதே ஆப்ட்தான். பழையதாகிவிட்டதே என்று அதன் ரெப்போ பட்டியலில் உபுண்டு முகவரியையோ புது டெபியன் முகவரியையோ சேர்க்காதீர்கள். இரண்டு ஊர் பேக்கேஜ்களைக் கலந்தால் நீக்கும் பட்டியல் ஆள் உயரத்துக்கு வரும். புதிதாக வேண்டுமென்றால் புதிதாகவே நிறுவிவிடுங்கள்.

ஃபெடோரா, ஆர்ச் போன்ற வேறு லினக்ஸ் வகைகளில்?

ஃபெடோராவில் ஆப்ட்டின் இடத்தில் இருப்பது ‘டிஎன்எஃப்’. ஒன்றை நீக்கினால் அதற்காக மட்டும் வந்த துணைகளையும் அப்போதே நீக்கும். ஆனால் ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ’ என்று செய்ததைத் திருப்பிப் போட வழி இருக்கிறது. உபுண்டுக்காரனான எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை. ஆர்ச்சின் ‘பேக்மேன்’, சார்பு உடையும் என்றால் பெரும்பாலும் செய்ய மாட்டேன் என்று நின்றுவிடும். அதோடு விட்டுவிடுகிறேன், என்னிடம் ஆர்ச் மெஷின் வருவது ஆடிக்கு ஒன்று அமாவாசைக்கு ஒன்று.

போனில் கேட்டால் சொல்வீர்களா?

சொல்வேன். “ஏதோ வருதுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘ஒய்’ தட்டும் முன் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்; நீக்கும் பட்டியல் முதல் பெயரிலிருந்து கடைசி எண்ணிக்கை வரை தெரிய வேண்டும். ஜூன், ஜூலையில் பகலில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். ஏதாவது ஓர் எடை மேடை அறையில் இருப்பேன்.